மொட்டை மாடிச் சூடு யார் கணக்கில்?

(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது. செய்தி மடலுக்காக எழுதித் தரச் சொன்னார்கள். பேசும்போது விட்டுப்போன ஓரிரு விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)

 

கோலப் போட்டிக்கும் குழந்தைகள் நடனத்துக்கும் நடுவே எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் சார் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். வங்கிக் கவுண்டரில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவன் நான். நேரம் ஆனால் ஷட்டரை இறக்கிவிடுவேன், கவலைப்பட வேண்டாம்.

பனி இன்னும் விடவில்லை. காலையில் நடக்கப் போகிறவர்கள் மப்ளர் கட்டிக்கொண்டுதான் போகிறோம். இந்த நேரத்தில் போய்ச் சித்திரை வெயிலைப் பற்றிப் பேச வருகிறானே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. மழை நின்று, வெயில் ஏறுவதற்கு முன்னால், மாசிக்குள் செய்தால்தான் மாடி வேலை செய்ய முடியும். போன வருடம் இதைத் தவறவிட்டோம். அதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

2022-ல் நம் மொட்டை மாடியில் மழைநீர் ஒழுகியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது நான் பொருளாளர். மூன்று கொட்டேஷன் வந்தது. பழைய தட்டோட்டையும் அதன் கீழிருந்த செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டு, தார் ஷீட்டை ஒட்டித் தருகிறோம் என்று சொன்னவரின் தொகைதான் குறைவு. குறைந்த கொட்டேஷனுக்குக் கொடுப்பது எங்கள் தொழில் வழக்கம். செக்கில் கையெழுத்துப் போட்டவன் நான். ஒழுகல் நின்றது. செலவும் மிச்சம் என்று பொதுக்குழுவில் கைதட்டுகூட வாங்கினேன்.

மாடியில் என்ன செய்தோம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. வெயிலைத் தடுத்துக்கொண்டிருந்த ஐந்தாறு அங்குலப் போர்வையை உரித்து எறிந்துவிட்டு, கான்கிரீட்டின் முதுகில் கறுப்புச் சட்டையை மாட்டிவிட்டோம்.

அடுத்த கோடையிலிருந்தே மூன்றாம் மாடிக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். போன வருடம் பிப்ரவரிப் பொதுக்குழுவில் டீச்சரம்மா எழுந்து, மாடிக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார். வாக்கெடுப்பு நடந்தது. நான்கு கைகள் தூக்கின. நம் குடியிருப்பில் பதினாறு வீடு, மேல் மாடியில் நான்கு வீடு. கணக்கு உங்களுக்கே புரியும். தரைத்தளத்தில் இருக்கும் நான் கை தூக்கவில்லை.

மே மாதம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பராமரிப்புக் கட்டண ரசீது கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். (இதை அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.) கதவு திறந்திருந்தது. அம்மாவும் சாரும் வீட்டுக்குள் இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய்ப் பத்து நிமிடம் நின்றேன். மின்விசிறி வேகமாகத்தான் ஓடியது. ஆனால் தலைக்கு மேலிருந்து சூடு இறங்கிக்கொண்டே இருந்தது, இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது போல. நான்கு நாள் கழித்து அம்மா மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். உடம்பில் நீரும் உப்பும் குறைந்துபோயிருந்தது. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் நீரை வெளியேற்றக் கூடியவை, அதோடு இந்தச் சூடும் சேர்ந்துகொண்டது என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். நான் இன்ஜினியர் இல்லை, பி.காம். படித்தவன். ஆகவே எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். தவறு இருந்தால் நம் இரண்டாம் மாடி இன்ஜினியர் சார் திருத்தட்டும்.

முதலில் சூரியன். புதுக்கோட்டை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் பத்தரை டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 17, 18 தேதிவாக்கில் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆகஸ்ட் 25 வாக்கில் மறுபடியும் அப்படி நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதமும் நடுப்பகலில் அது நமக்குக் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். ஆகவே கோடையில் நம் கட்டடத்தில் அதிகம் அடி வாங்குவது சுவர் அல்ல, கூரை. அடுத்தது, மாலைச் சூரியன் சாய்வாகத் தாக்கும் மேற்குச் சுவர். தெற்குச் சுவர் கோடையில் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

கறுப்புத் தார் ஷீட் தன் மேல் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிவிடும். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு எண்பது சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கொரோனா காலத்தில் வாசலில் வைத்து நெற்றியில் காட்டினோமே, அந்தத் துப்பாக்கி சங்க அலமாரியில் இன்னும் இருக்கிறது. மே மாதம் இரண்டு மணிக்கு அதை மாடித் தளத்தில் காட்டினேன். எண் எதுவும் வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. காய்ச்சல் பார்க்கும் கருவி, அதற்கு எட்டாத சூடு. இதுபோன்ற கறுப்புத் தளம் வெயிலில் 65 டிகிரியைத் தாண்டும் என்று பின்னால் படித்தேன்.

அந்தச் சூடு உடனே உள்ளே வருவதில்லை. ஐந்து அங்குல கான்கிரீட்டைக் கடக்க அதற்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேலே ஏறியது மாலை ஆறு மணிக்கு விட்டத்தில் தெரியும். பிறகு நடு ராத்திரி வரை இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே காற்று குளிர்ந்தாலும் அறை குளிராததற்கு இதுதான் காரணம். மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை, நம் வியர்வையைக் காய வைக்கிறது, அவ்வளவுதான். விட்டமே அடுப்பாக இருந்தால் அது சூட்டைத்தான் கீழே தள்ளும்.

இனி என் கதை ஒன்று. எண்பதுகளின் கடைசியில் திருமயம் பக்கம் ஒரு செட்டிநாட்டுக் கிராமக் கிளையில் வேலை பார்த்தேன். செட்டிநாடு என்றால் காரைக்குடி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கடியாபட்டி, ராமச்சந்திரபுரம், ராயவரம், கோனாபட்டு எல்லாம் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. எங்கள் கிளை இருந்ததே ஒரு பழைய வீட்டின் முன்கட்டில்தான். முகப்பில் காசாளர், வளவுப் பத்தியில் நகைக் கடன், பெட்டக அறையில் பாதுகாப்புப் பெட்டகம். அக்கினி நட்சத்திரத்தில் மின்சாரம் போய்விடும். ஆனாலும் மதியம் ஒரு மணி வரை விசிறி இல்லாமல் பேரேடு எழுதியிருக்கிறேன். வியர்வைத் துளி பேரேட்டில் விழுந்து மை கலைந்ததில்லை. சாப்பிட வெளியே வந்தால்தான் வெயில் என்ன என்றே தெரியும்.

அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை. வேலைக்குப் புதியவன், கணக்கு நேராக வந்தால் போதும் என்றிருந்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றரை, இரண்டு அடி கனமுள்ள சுவர்கள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசி, கண்ணாடி மாதிரி தேய்த்த வெள்ளைப் பூச்சு. காலையில் ஏறும் சூடு அந்தச் சுவரின் பாதி தூரம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண்களோடு அகலமான பத்தி. வெயில் முற்றத்தில் விழும், பத்தியைத் தாண்டி அறைச் சுவரைத் தொடாது. ராத்திரி குளிர்ந்த காற்று கனத்து முற்றத்தில் இறங்கித் தங்கும். பகலில் சூடான காற்று மேலேறிப் போகும்போது, தெருவாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேராக இருக்கும் நிலைகள் வழியே காற்று இழுத்துக்கொண்டு வரும். வாசலில் நின்றால் பின்கட்டு தெரியும் வீடுகள் அவை. தரையில் ஆத்தங்குடிக் கல். கூரையில் ஒன்றன் மேல் ஒன்றாக நாட்டு ஓடு, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று.

சாதாரண மாடி வீடுகளிலும் விவரம் இருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லை விளிம்பில் நிறுத்திக் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக் கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். பாட்டும் உண்டு. அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். நம் மாடியில் நாம் பெயர்த்து எறிந்தது அதன் பேரப்பிள்ளையைத்தான்.

பழைய வீட்டை ஒரேயடியாகப் புகழ்வதற்கில்லை. அறைகள் இருட்டு. பெருக்கவே நான்கு ஆள் வேண்டும். இன்றைக்கு ஒரு சென்ட் விலைக்கு இரண்டடிச் சுவர் வைத்தால் வீடு மிஞ்சாது, சுவர்தான் மிஞ்சும்.

நம் குடும்பங்களில் பாதிப் பேருக்கு வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிறார்கள். துபாய் போயிருந்தவர்கள் பர் துபாயில் அல் ஃபஹிதி என்ற பழைய பகுதியைப் பார்த்திருப்பீர்கள். பாரசீகத்திலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய வீடுகள். கூரைக்கு மேல் சதுரமாகக் காற்றுக் கோபுரம் நிற்கும். நான்கு பக்கத்தில் எந்தப் பக்கம் காற்று வந்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். ஈரானில் யஸ்த் நகரம் முழுக்க இப்படித்தான். அங்கே தவ்லதாபாத் தோட்டத்தில் ஒரு கோபுரம் சுமார் 33 மீட்டர் உயரம், நம் பத்து மாடிக் கட்டடம் அளவு. நம் நாட்டில் ஜெய்சால்மரில் தெருவைக் குறுகலாக வைத்து, ஒரு வீட்டின் நிழலை எதிர்வீட்டின் மேல் விழ வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பாலைவனத்தை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அங்கே மே மாதம்கூடப் பகலுக்கும் இரவுக்கும் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும், காற்றும் வறண்டது. கனமான சுவர் ராத்திரியில் முழுசாக ஆறிவிடும். நமக்குப் பத்து, பதினோரு டிகிரி இறங்கினால் பெரிது, மழைக்கு முன்னால் புழுக்கமும் சேர்ந்துவிடும். ஆகவே நமக்குச் சூட்டை உள்ளே விடாமலிருப்பதும் வேண்டும், ராத்திரிக் காற்று உள்ளே ஓடுவதும் வேண்டும். 1878 முதல் 1894 வரை இங்கே திவானாக இருந்த சேஷய்யா சாஸ்திரி நம் ஊரைச் சீரமைத்தார், குளங்களைச் சீர் செய்தார். காற்று ஓடத் தெரு, தணுப்புக்குக் குளம். அந்தத் தெருக்களுக்கு நிழல் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்து மரங்களை வாரிக்கொண்டு போனது. நம் வளாகத்தின் மேற்கு ஓரத்தில் நின்ற இரண்டு தூங்குமூஞ்சி மரங்களும் அன்றுதான் விழுந்தன. அந்த இடத்தில் மரம் வைக்காமல், கார் நிறுத்த சிமெண்ட் கல் பதித்தோம். இப்போது மேற்குப் பக்க வீடுகளில் மாலை நான்கு மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள்.

நமக்கும் ஒரு முற்றம் இருக்கிறது தெரியுமா? ஓ.டி.எஸ். என்கிறோமே, சமையலறையும் குளியலறையும் திறக்கும் நடுச் சந்து, அதுதான். செட்டிநாட்டு முற்றம் சுருங்கிச் சுருங்கி இப்படி ஆகிவிட்டது. அதை என்ன செய்திருக்கிறோம்? புறா வருகிறது என்று மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினோம். அதற்குள் ஏழு ஏ.சி. வெளிப்பெட்டிகளை மாட்டியிருக்கிறோம். அதில் ஒன்று என்னுடையது.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டை இடம் மாற்றுகிறது. ஒன்றரை டன் என்றதும் முன்பெல்லாம் நான் எடை என்று நினைத்திருந்தேன். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அவ்வளவு சூட்டை வெளியேற்றும் திறனுக்கு ஒரு டன் என்று பெயராம். ஒன்றரை டன் பெட்டி நம் அறையிலிருந்து ஐந்து கிலோவாட்டுக்கு மேல் சூட்டை எடுத்து, தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. நாலைந்து இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்தது போல. மூடிய சந்தில் அது எங்கே போகும்? மேலே போகும். மேலே யார் இருக்கிறார்கள்? கூரைச் சூடு மேலிருந்து வருகிறது, நான் நிம்மதியாகத் தூங்கும் சூடு கீழிருந்து டீச்சரம்மா சமையலறை ஜன்னலுக்குப் போகிறது. இது தெரிந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று போன வருடம் கேட்டவர்களில் நானும் ஒருவன், மனசுக்குள் கேட்டேன். இப்போது என் பதில் இது. மொட்டை மாடி பொதுச் சொத்து, அதை விசேஷ நாளில் பதினாறு வீடும் பயன்படுத்துகிறோம், வடகம் காயப் போடுகிறோம். தார் ஷீட் போட முடிவெடுத்ததும் பதினாறு வீடும் சேர்ந்துதான். நம் கீழ் வீடுகள் கோடையில் தாங்குவதற்கே காரணம், நமக்கு மேலே நான்கு வீடுகள் குடையாக இருப்பதுதான். தவிர, கான்கிரீட் பகலில் சுட்டு விரிந்து ராத்திரி சுருங்கினால், கைப்பிடிச் சுவர் சேரும் இடத்தில் விரிசல் விடும். அந்த ஒழுகல் மூன்றாம் மாடியோடு நிற்காது.

அரசாங்கங்களும் இதைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டன. 2010 மே மாத வெப்ப அலைக்குப் பிறகு 2013-ல் அகமதாபாத் நகரம் வெப்பத்துக்கென்றே செயல்திட்டம் போட்டது. குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடித்ததும் அந்த ஊரில் நடந்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெள்ளைக் கூரையால் மேல் மாடி அறையில் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்று பல ஊர்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இனி பணம். நம் மாடி 4,200 சதுர அடி. இரண்டு வழிக்குக் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை குறைந்த தொகையை மட்டும் பார்க்கவில்லை. பழைய முறையில் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு, வெள்ளைத் தட்டோடு பதிக்கச் சதுர அடிக்கு 140 ரூபாய். மொத்தம் 5,88,000, வீட்டுக்கு 36,750. வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, அடிப்பூச்சோடு சேர்த்து, சதுர அடிக்கு 32 ரூபாய். மொத்தம் 1,34,400, வீட்டுக்கு 8,400. தார் ஷீட்டின் மேல் நேரடியாக வெள்ளை அடித்தால் தார் ஊறி மஞ்சளாகிவிடும், அதனால் அடிப்பூச்சு கட்டாயம் என்று இன்ஜினியர் சார் சொல்கிறார். பூச்சில் ஒரு குறை உண்டு. தூசி படிந்தால் பலன் குறையும். வருடத்துக்கு ஒரு முறை, பங்குனியில் கழுவ வேண்டும், சில வருடங்களில் மறுபூச்சும் வேண்டும். தட்டோடு நீண்ட காலம் நிற்கும். ஆனால் அந்த எடையைத் தளம் தாங்குமா என்று பார்த்த பிறகுதான் போடலாம். என் யோசனை, இந்த வருடம் பூச்சு, தட்டோட்டுக்குத் தனியாகச் சேமிப்பு. தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கு போடலாமே என்று ஒருவர் கேட்டார். குளிரும், உண்மைதான். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நாம் அதை மாடியில் ஊற்ற முடியுமா?

பூச்சுக்கு ஆகும் 8,400 அதிகமா? மூன்றாம் மாடியில் ஒரு வீட்டின் கோடை மின்கட்டண ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எப்படிக் குதிக்கும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். விட்டம் குளிர்ந்தால் ஏ.சி. கொஞ்ச நேரம் ஓடினால் போதும். டீச்சரம்மா வீட்டில் ஏ.சி. இல்லை. பென்ஷனில் கட்டுப்படியாகாது என்கிறார் சார்.

ஓ.டி.எஸ். மேலிருக்கும் ஷீட்டை எடுத்துவிட்டுப் புறா வலை கட்டுவதற்குப் பெரிய செலவில்லை. வெளிப்பெட்டிகளை வெளிச்சுவருக்கு மாற்றுவது அவரவர் செலவு. என்னுடையதைப் போன வாரம் கிழக்குப் பக்கம் மாற்றிவிட்டேன், குழாய் நீளம் கூடியதால் கொஞ்சம் பணம் போனது. மேற்கு ஓரத்தில் இரண்டு சிமெண்ட் கல் வரிசையைப் பெயர்த்தால் நான்கு புங்கை வைக்கலாம், ஒரு கார் இடம் குறையும். அது யாருடைய கார் என்பதுதான் சிக்கல். அதை இன்றைக்குக் கிளற வேண்டாம் என்று செயலாளர் சார் கண்ணைக் காட்டுகிறார்.

செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. கோடையில் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலையும் திரையையும் மூடுங்கள். பொழுது சாய்ந்து வெளிக்காற்று ஆறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். நம்மில் பலரும் நேர்மாறாகச் செய்கிறோம், பகலெல்லாம் திறந்து வைத்து, ராத்திரி கொசுவுக்குப் பயந்து மூடுகிறோம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு காலை பத்தரை மணிக்குப் பொதுக்குழு. இரண்டு கொட்டேஷன்களின் நகலும் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. என் பங்கு 8,400 ரூபாய்க்குச் செக் எழுதிப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன், தீர்மானம் தோற்றால் திருப்பித் தரட்டும். அதற்கு முன்னால் மாடியை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் எந்த நாளும் மதியம் இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிடுங்கள், சாவி என்னிடம் இருக்கிறது. பனிக்காலம்தானே என்று செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறாதீர்கள்.

நடனத்துக்குக் குழந்தைகள் காத்திருக்கிறார்கள். வணக்கம்.